மாம்பழக் காலத்தில் வீட்டில் நில்லுங்கள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் கறுத்தக்கொழும்பான் மாமரம் காய்த்துத் தொங்கும்போது, கடையில் மஞ்சள் ஐசிங் பூசி எசன்ஸ் மணக்கிற ‘மாம்பழக் கேக்’ ஒன்றைப் பிறந்தநாளுக்கு வாங்கி வருவது எனக்குத் துளியும் பிடிக்காது. சிலருக்கு இது கோபத்தைக் கிளப்பும். பரவாயில்லை, சொல்லத்தான் போகிறேன். வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாதமும் எங்கள் வளவுப் பழம் எங்கள் குசினியில் வேகவேண்டும். அதற்கு ஆட்கள் வீட்டில் நிற்கவேண்டும், அதுவும் அவசரமில்லாமல்.

பழத்துக்கு எங்கள் வசதி தெரியாது. சோளகக் காற்றுப் பிடித்தால் ஒரே இரவில் மரத்தடி நிறைந்துவிடும். பக்கத்து வீட்டுக்குக் கடகத்தில் கொடுத்துவிட்டால் அவர்கள் தங்கள் மரத்துப் பழத்தை அதே கடகத்தில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். விழுந்து அடிபட்டது சந்தையிலும் போகாது. ஒரு பக்கம் கன்றிப்போய், மறு பக்கம் தேனாக இருக்கிற இந்தப் பழங்களைத்தான் நான் கேக்குக்கு எடுப்பேன். முழுசாக, வடிவாகப் பழுத்த கறுத்தக்கொழும்பானை அவணுக்குள் வைப்பது பாவம். அதை வெட்டி, கன்னம் கன்னமாகச் சாப்பிடவேண்டும். அணில் கோதியது அணிலுக்கே.

பிடுங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொக்கத்தடியால் பறிக்கும்போது கொஞ்சம் காம்போடு பறியுங்கள். காம்பு கழன்றால் பால் தோலில் வடிந்து கறுத்துப்போகும். காம்பைச் சுற்றித் தோள் மாதிரி மேலே எழும்பி நிறைந்திருந்தால்தான் காய் முற்றியிருக்கிறது. வைக்கோலுக்குள் அடுக்கிச் சாக்கால் மூடி வைத்தால், காய்கள் தாங்களே விடுகிற எத்திலீன் வாயு வெளியே போகாமல் நின்று எல்லாவற்றையும் பழுக்கப் பண்ணும். கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைத்ததில் நிறம் வரும், இந்த வாசம் வராது. கறுத்தக்கொழும்பான் பழுத்தாலும் தோல் பச்சையாகவே கிடக்கும் என்பதால், கண்ணை நம்பாமல் காம்படியை மணந்து பாருங்கள்.

சரி, கேக்குக்கு வருவோம். மாம்பழத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அப்படியே கரைத்து மாவில் ஊற்றினால் மேலே சிவந்துவிடும், நடுவில் களியாக நிற்கும். அதனால் சதையை மசித்துத் தாச்சியில் போட்டு, மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே இருங்கள். அகப்பையை இழுத்தால் தாச்சியின் அடி ஒரு கணம் தெரிந்து மூடவேண்டும். அதுதான் பதம். இந்த நேரத்தில் வீடு முழுக்க எழும்புகிற மணத்தை எந்தப் போத்தலும் தராது. அம்பலவி மாம்பழம் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் வற்ற விடுங்கள், அதில் சாறு அதிகம்.

என் அளவு இது: வற்றவைத்து ஆறிய சதை 200 கிராம், கோதுமை மா 250 கிராம், பட்டர் 200 கிராம், சீனி 175 கிராம், முட்டை 3, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, பாதித் தேசிக்காயின் புளி. பட்டரையும் சீனியையும் வெள்ளையாக வரும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாக விட்டு, சதையையும் மாவையும் மாறி மாறிச் சேர்க்கவேண்டும். மா போட்ட பிறகு அடிக்கக்கூடாது, மெதுவாகக் கலந்தால் போதும். 180 பாகை செல்சியஸில் முக்கால் மணித்தியாலம் வரை போகும். ஈர்க்கால் குத்திப் பாருங்கள், ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். தேசிப்புளியை விடாதீர்கள். வெந்த மாம்பழம் தனி இனிப்பாகிவிடும், புளிதான் அதற்குப் பழத்தின் குணத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

செங்காய் கிடைத்தால் இதைவிட எளிது. துண்டு துண்டாக வெட்டிச் சீனியும் கறுவாத்தூளும் பிரட்டித் தட்டில் பரப்பி, மாவையும் பட்டரையும் தேங்காய்ப்பூவையும் விரலால் உதிர்த்து மேலே தூவி, ஓரம் கொதித்துப் பொன்னிறமாகும்வரை வேகவிடுங்கள். சூட்டோடு சாப்பிடவேண்டும்.

அவண் இல்லையே என்று யாரும் சொல்லவேண்டாம். 1990களின் முதற்பாதியில் போரால் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. அப்போதும் எங்கள் அம்மாக்கள், மாமிமார் கேக் செய்தார்கள். பெரிய சட்டியில் மணல் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, மூடியின் மேல் தணலைக் கொட்டினார்கள். கீழும் மேலும் சூடு, நடுவில் கேக். வெப்பமானி இல்லை, கைதான் அளவு. எதுவும் கிடைக்காத நாளில் அவ்வளவு பாடுபட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். இன்று பட்டரும் இருக்கிறது, கரண்டும் இருக்கிறது. நேரம் மட்டும் இல்லை என்கிறோம்.

நேரத்தைப் பற்றித்தான் எனக்கு உண்மையில் ஆதங்கம். ஒருவர் இரண்டு நாள் லீவு போட்டு வீட்டில் நின்றால், “என்ன, சுகமில்லையோ?” என்று கேட்கிற ஊர் இது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் ரியூசன் காலையிலேயே தொடங்கிவிடும். விடுமுறையில் விடியப் புத்தகப் பையோடு சைக்கிள் மிதிக்கிற பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பிள்ளைக்குத் தன் வீட்டு மரத்தில் எது அம்பலவி, எது விலாட் என்று தெரியாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு விறாந்தைச் சீமெந்தில் வெறும் முதுகோடு படுத்து, குசினியில் கேக் வேகிற மணம் வரும்வரை ஒன்றும் செய்யாமல் கிடப்பது என்ன என்றும் தெரியாது. படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரை நிமிர்த்தியதே படிப்புத்தான். ஆனால் பழம் கனிகிற சில வாரங்களாவது பின்னேரங்களைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள். முட்டை உடைக்கவும், கிண்டவும், தாச்சியை வழித்து நக்கவும் விடுங்கள். பெரியவர்களும் சாய்மனைக் கதிரையில் கொஞ்சம் சாயுங்கள். வெயில் கொளுத்துகிற நேரத்தில் ஓடித் திரிந்து யாரும் பெரிதாக ஒன்றும் வென்றதில்லை.

நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாக் கொடி ஏறிவிட்டால் பல வீடுகளில் 25 நாளும் மச்சமும் இல்லை, முட்டையும் இல்லை. அப்போதும் அடுப்பை அணைக்கத் தேவையில்லை. தோல் கறுக்கும்வரை கனிந்த கப்பல் வாழைப்பழத்தை மசித்து, தயிரும் அப்பச்சோடாவும் சேர்த்தால் முட்டையில்லாமலே நன்றாக எழும்பும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து பொங்குகிற வேலை அது. வாழைப்பழம் மாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும். பனங்காய்ப் பணியாரத்துக்கும், பாயில் ஊற்றி வெயிலில் காயவிடுகிற பனாட்டுக்கும் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் பனங்களியில் நல்ல கேக் ஒன்று வரவேண்டும் என்று ஆசை. களியைச் சீனியோடு நன்றாகக் காய்ச்சி எடுத்தால் கைப்பு பெரும்பாலும் அடங்குகிறது. கேக்குக்கு எவ்வளவு களி, எவ்வளவு மா என்று சரியாகக் கண்டு வைத்திருக்கிற அக்காமார் யாராவது இருந்தால் சொல்லித் தாருங்கள். இந்த வருடம் ஆவணிக்குள் செய்து பார்க்கவேண்டும்.