ரேட்ஸ் உயர்வுக்கு எதிராக ஏன் கையெழுத்துப் போட்டேன்

எங்கள் ஊர் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) ரேட்ஸை ஏற்றப் போகிறது. ஒரேயடியாக இல்லை, மூன்று வருடத்தில் படிப்படியாக. கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஏறிவிடும். எதிர்த்து ஊரில் கையெழுத்து வாங்குகிறார்கள், நானும் போட்டுவிட்டேன். ஆனால் அந்த மனுவில் எழுதியிருப்பதில் பாதி எனக்கு உடன்பாடில்லை. ‘ஆபீசில் உட்கார்ந்து டீ குடிப்பவர்களுக்குச் சம்பளம் தர நாங்கள் ஏமாளிகளா’ என்கிற ரகத்தில் சில வரிகள் இருக்கின்றன. அதற்காக நான் போடவில்லை. எதற்காகப் போட்டேன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ரேட்ஸ் என்பது நம் ஊர் சொத்து வரி மாதிரிதான். ஆனால் நியூ சவுத் வேல்ஸில் அதைக் கணக்கிடுவது வீட்டை வைத்து இல்லை, வீடு நிற்கும் நிலத்தின் மதிப்பை வைத்து. அந்த மதிப்பைக் கவுன்சில் போடுவதில்லை, மாநிலத்தின் நில மதிப்பீட்டு அதிகாரியான வேல்யூவர் ஜெனரல் போடுகிறார். கவுன்சில் தன் இஷ்டத்துக்கு ரேட்ஸை ஏற்றவும் முடியாது. 1977 முதல் ‘ரேட் பெக்’ என்று ஒரு வரம்பு இருக்கிறது. இப்போது அதை ஐபார்ட் என்கிற சுதந்திர விலை நிர்ணய அமைப்பு வருடாவருடம் அறிவிக்கிறது. வரம்பைத் தாண்ட வேண்டுமென்றால் ஐபார்ட்டிடம் காரணம் சொல்லித் தனி அனுமதி வாங்க வேண்டும். எங்கள் ஊரில் இப்போது நடப்பது அதற்கான ஏற்பாடுதான்.

டீக்கடைப் பேச்சில் (இங்கே அது பேக்கரி வாசல்) அடிக்கடி வருகிற ஒரு தவறை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ‘நிலத்தின் விலை ஏறிப்போச்சு, அதனால் கவுன்சிலுக்குப் பணம் கொட்டுது’ என்கிறார்கள். கொட்டவில்லை. மொத்தமாக எவ்வளவு வசூலிக்கலாம் என்பதற்குத்தான் வரம்பு. நில மதிப்பு மாறினால் அந்த மொத்தத்தில் யார் பங்கு எவ்வளவு என்பது மாறும், அவ்வளவுதான். உங்கள் நிலம் பக்கத்துத் தெருவைவிட வேகமாக ஏறியிருந்தால் உங்கள் பங்கு கூடும்.

சரி, எதிர்ப்புக்கு வருவோம்.

பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா தனியாக இருக்கிறார், பென்ஷன் மட்டும்தான் வருமானம். இந்த மாநிலத்தில் பென்ஷனர்களுக்கு ரேட்ஸில் ஒரு தள்ளுபடி உண்டு. அதிகபட்சம் வருடத்துக்கு 250 டாலர். இந்தத் தொகையை எழுதி வைத்திருப்பது 1993ஆம் வருடத்து உள்ளாட்சிச் சட்டம். முப்பது வருடம் தாண்டியும் அதே 250தான். விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் அன்றைய மதிப்பில் பாதிகூட இன்று இல்லை. அவர் 1,500 டாலர் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 2,250 ஆனாலும் தள்ளுபடி ஒரு டாலர்கூட நகராது. இதில் இன்னொரு கூத்து, அந்தத் தள்ளுபடியில் மாநிலம் திருப்பித் தருவது 55 சதவீதம்தான், மீதி 45 சதவீதத்தைக் கவுன்சிலே சுமக்கிறது. பென்ஷனர்கள் அதிகமாக இருக்கிற ஏழை ஊருக்குத்தான் இதில் அடி பலம்.

வாடகைக்கு இருப்பவர்கள் ‘எனக்கு ரேட் நோட்டீஸே வருவதில்லையே’ என்று நிம்மதியாக இருக்கிறார்கள். 491 விசாவில் (பெருநகரங்களுக்கு வெளியே வசிக்கத் தரும் தற்காலிக விசா) வந்து சேர்ந்த நம்மாட்களில் பல பேர் அப்படித்தான். நோட்டீஸ் ஓனருக்குப் போகும், அடுத்த வாடகை உயர்வாக உங்களிடம் திரும்பி வரும். கடை வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சுற்றுவழிகூடக் கிடையாது. கடை லீஸில் ‘அவுட்கோயிங்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும், கட்டிடத்தின் ரேட்ஸ் பெரும்பாலும் அதன் வழியாக நேராகக் கடைக்காரர் தலையில் விழும். மெயின் ஸ்ட்ரீட்டில் ஏற்கெனவே காலிக் கடைகள் நிறைய. பேங்க் கிளை மூடியாயிற்று. மிச்சம் இருப்பவர்களும் ஷட்டரை இறக்கினால் கவுன்சில் யாரிடம் வசூலிக்கும்?

ஏற்றம் எவ்வளவு என்பதைவிட அது எப்படித் தங்கிவிடுகிறது என்பதுதான் எனக்குக் கவலை. வரம்பைத் தாண்ட ஐபார்ட் தரும் அனுமதி இரண்டு வகை. ஒன்று தற்காலிகம், குறிப்பிட்ட வருடங்கள் முடிந்ததும் ரேட்ஸ் இறங்கிவிடும். இன்னொன்று நிரந்தரம், ஏறியது ஏறியதுதான், அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு ரேட் பெக்கும் அந்த உயர்ந்த தொகையின் மேல் ஏறும். எங்கள் கவுன்சில் கேட்கப்போவது நிரந்தரம். இதே மாநிலத்தின் ஆர்மிடேல் கவுன்சிலுக்கு 2023இல் கிடைத்ததும் அப்படித்தான், மூன்று வருடத்தில் 58.8 சதவீதம். டென்டர்ஃபீல்ட் கவுன்சில் கேட்டது இன்னும் பெரிது: இரண்டே வருடத்தில் 104 சதவீதத்துக்கும் மேல். அதே 2023இல் ஐபார்ட் கொடுத்தது ஒரு வருடத்துக்கு மட்டும், 43 சதவீதம். சிட்னியின் வசதியான பகுதியான நார்த் சிட்னி 87 சதவீதம் கேட்டு 2025இல் ஒன்றுமில்லாமல் திரும்பியது. ஆக, கவுன்சில் கேட்டதெல்லாம் அப்படியே கிடைத்துவிடும் என்றில்லை. ‘எல்லாம் முன்னாலேயே முடிவு பண்ணிட்டாங்க, நாம பேசி என்ன ஆகப்போகுது’ என்று அலுத்துக்கொள்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் கவுன்சிலிடம் உண்மையிலேயே பணம் இல்லை. இதைச் சொன்னால் மனு வாங்குகிற நண்பர்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

சென்ட்ரல் டார்லிங் ஷையர் என்கிற கிராமப்புறக் கவுன்சில் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 53,000 சதுர கிலோமீட்டர், அதாவது இலங்கையில் ஐந்தில் நான்கு பங்கு. மக்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு. அத்தனை தூரத்துச் சாலையை அந்தச் சில நூறு குடும்பங்களின் ரேட்ஸை வைத்து யாராலும் பராமரிக்க முடியாது. 2013 கடைசியில் பணப் பிரச்சினையில் அங்கே கவுன்சிலை இடைநீக்கம் செய்து நிர்வாகியைப் போட்டார்கள். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலே இல்லாமல் ஓடியது. எங்கள் ஊர் அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் கணக்கு அதே கணக்குதான். நீளமான சாலை, குறைந்த ஆட்கள், மலிவான நிலம். சிட்னி கவுன்சிலுக்குப் பார்க்கிங் கட்டணம் வரும், அடுக்குமாடி கட்டுகிறவர்கள் கொடுக்கும் பங்களிப்புத் தொகை வரும். இங்கே பார்க்கிங்குக்குக் காசு கேட்டால் அடுத்த ஊருக்கு ஷாப்பிங் போய்விடுவார்கள்.

மேலே இருந்து வருகிற பணமும் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. 1990களின் நடுவில் மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த நிதி உதவி, அதன் மொத்த வரி வருவாயில் 1 சதவீத அளவு இருந்தது. இப்போது அது அரை சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 2014இலிருந்து மூன்று வருடம் அந்த நிதியை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தாமலே நிறுத்தி வைத்தார்கள். இருக்கிற பணத்திலும் பொது நிதியில் 30 சதவீதத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுகிறார்கள், தேவை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. துறைமுகப் பாலத்தைப் பார்த்தபடி வீடு வைத்திருப்பவர்களின் கவுன்சிலுக்கும் அதில் பங்கு உண்டு. மாநில அரசு தன் பங்குக்குச் செலவுகளைக் கீழே தள்ளுகிறது. தீயணைப்பு, அவசரச் சேவைகளின் செலவில் 11.7 சதவீதம் கவுன்சில்கள் கட்ட வேண்டும் என்பது விதி. இப்படித் தள்ளப்பட்ட செலவு 2021-22இல் மாநிலம் முழுக்க 136 கோடி டாலர் என்று கவுன்சில்களின் கூட்டமைப்பு கணக்குப் போட்டது. ரேட்ஸ் கட்டும் ஒவ்வொருவருக்கும் 460 டாலர். அது அவர்கள் தரப்புக் கணக்கு, கொஞ்சம் கூடவே இருக்கலாம். பாதி என்று வைத்தாலும் சின்னத் தொகை இல்லை.

எனக்கு அதிகமாக எரிச்சல் தருவது மானியம்தான். தேர்தல் நெருங்கினால் மந்திரி வருவார், புது விளையாட்டுப் பூங்கா, புதுக் கேலரி, புதுக் கழிப்பறைக் கட்டிடம் என்று அறிவிப்பார், ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கட்டத்தான் பணம் வரும். கட்டியதைக் கூட்டிப் பெருக்கி, பெயின்ட் அடித்து, இன்ஷூரன்ஸ் கட்டி, நாற்பது வருடம் காப்பாற்றுவது கவுன்சிலின் பாடு. கோயில் கட்ட நன்கொடை தர நூறு பேர் வருவார்கள், தினமும் விளக்குக்கு எண்ணெய் யார் ஊற்றுவது என்றால் சத்தமே இருக்காது. இலவசமாக வந்த ஒவ்வொரு கட்டிடமும் தேய்மானச் செலவாகக் கவுன்சில் கணக்கில் ஏறுகிறது. பற்றாக்குறையில் ஒரு பெரிய பங்கு அதுதான். ‘தேய்மானம் வெறும் காகிதச் செலவு’ என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார், நல்ல கைதட்டல். மரப்பாலம் காகிதத்தில் உளுத்துப்போவதில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் எதிர்க்கிறேன்? கவுன்சில் எங்களிடம் கேட்ட விதம் சரியில்லை. இணையத்தில் ஒரு சர்வே போட்டார்கள். மூன்று வழிகள். ஒன்று, ரேட்ஸை ஏற்றாவிட்டால் நீச்சல்குளம் மூடும், நூலக நேரம் குறையும், மண் சாலைகள் அப்படியே கிடக்கும். இரண்டாவது பெரிய ஏற்றம். மூன்றாவது அதைவிடப் பெரிய ஏற்றம். இதில் எது வேண்டும் என்று கேட்டால் அதற்குப் பெயர் கருத்துக் கேட்பா? தற்காலிக ஏற்றம் என்று ஒரு வழியே அதில் இல்லை. வருகிற கூடுதல் பணம் எந்தச் சாலைக்கு, எந்தப் பாலத்துக்கு என்கிற பட்டியலும் இல்லை. ‘நிதி நிலைத்தன்மை’ என்கிற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு என் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய் 750 டாலர் கேட்க முடியாது.

அதனால் மனுவோடு நிறுத்தாமல் ஐபார்ட்டுக்குத் தனியாகவும் எழுதப் போகிறேன். பிப்ரவரி வாக்கில் கவுன்சில் விண்ணப்பம் போகும், அப்புறம் சில வாரம் பொதுமக்கள் கருத்துக்கு நேரம் கொடுப்பார்கள், மே அல்லது ஜூனில் முடிவு, ஜூலை 1 முதல் அமல். கருத்து அனுப்ப ஓட்டுரிமை தேவையில்லை. குடியுரிமை வாங்காத பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) ஆட்கள், வாடகைக்கு இருப்பவர்கள், கடைக்காரர்கள் எல்லாரும் எழுதலாம். ஆயிரம் பேர் ஒரே வாசகத்தை நகல் எடுத்து அனுப்புவதைவிட, இந்த ஏற்றம் உங்கள் வீட்டுக் கணக்கில் என்ன செய்யும் என்று நான்கு வரி எழுதுவது மேல். ஏற்றம் மக்களைத் தாங்க முடியாத அளவுக்குப் பாதிக்கிறதா, மக்களுக்குச் சரியாகத் தெரிவித்தார்களா, முதலில் கவுன்சில் தன் செலவைக் குறைத்ததா என்றெல்லாம் ஐபார்ட் பார்க்கிறது. அந்தக் கேள்விகளுக்கு விடையாக இருக்கட்டும் நம் கடிதம்.

நான் கேட்கப்போவது இவைதான். நிரந்தரத்துக்குப் பதில் தற்காலிகமாகக் கொடுங்கள், எந்த வேலைக்கு என்று பெயர் போட்டுக் கொடுங்கள். கஷ்டப்படுகிறவர்களுக்கான சலுகைக் கொள்கையை விண்ணப்பத்துக்கு முன்னால் திருத்துங்கள், பிறகு இல்லை. பராமரிப்புக்குப் பணம் வராத மானியத்தை இனி வாங்க மாட்டோம் என்று கவுன்சில் தீர்மானம் போடட்டும். கடைசியாகச் சொன்னதை மேயரிடம் நேரிலேயே கேட்டேன். “இலவசமா வர்றதை வேண்டாம்னு சொன்னா ஊர் என்னைச் சும்மா விடுமா?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. போன வருடம் ரிப்பன் வெட்டியபோது கைதட்டியவர்களில் பாதிப் பேர்தான் இப்போது கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

250 டாலர் தள்ளுபடி விஷயத்தில் கவுன்சிலைக் கேட்டுப் பயனில்லை, அது மாநிலச் சட்டம். எங்கள் தொகுதி எம்எல்ஏவுக்குத் தனிக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அதன் நகல் வேண்டுமென்றால் கமென்ட்டில் சொல்லுங்கள், அனுப்புகிறேன். உங்கள் ஊர் கவுன்சிலும் இதே மாதிரி ஏற்றம் கேட்டிருந்தால், கூடுதல் பணம் எதற்குச் செலவானது என்று பிறகு கணக்குக் காட்டினார்களா என்பதையும் எழுதுங்கள். எனக்கு அது அவசரமாகத் தேவைப்படுகிறது.