வளைய வேண்டும், வளைந்தது தெரியக் கூடாது

“நேரில் பார்ப்பதுபோல இருக்க வேண்டும்” என்று கேட்கிற வாடிக்கையாளர்களில் எவராவது தம்முடைய பாட்டிலை ஒருமுறையாவது நேரில் உற்றுப் பார்த்திருக்கிறார்களா? பாட்டிலின் புகைப்படத்தின் மேல் லேபிளைக் கணினியில் ஒட்டிக் காட்டுவது என் வேலை. அப்படிச் செய்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலின் படம் நேற்றிரவு வாடிக்கையாளரிடமிருந்து மறுபடியும் திரும்பி வந்தது. லேபிள் ஒட்டியதுபோல இல்லையாம், மிதக்கிறதாம். அதற்கு அடுத்த வரியிலேயே, பின்பக்கத்தில் இருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் முன்னாலேயே தெளிவாகத் தெரிய வேண்டும் என்று ஒரு கட்டளை.

பாட்டிலின் விட்டம் 7 சென்டிமீட்டர். ஆகவே அதை முழுதாகச் சுற்றிவரும் லேபிளின் நீளம் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். எதிரே நிற்கும் எந்தக் கேமராவுக்கும் அதில் பாதிகூட முழுமையாகக் கிடைக்காது, கிடைக்கிற 11 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான பகுதியும் 7 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கியாக வேண்டும். நடுவில் இருக்கும் எழுத்து தன் முழு அகலத்தோடு நிற்கும். அங்கிருந்து 60 பாகை திரும்பிய இடத்தில் அதே எழுத்து பாதியாக ஒடுங்கும். விளிம்பை நெருங்கும்போது வெறும் கோடாகி மறையும். அப்படியே செய்து அனுப்பினேன். “ஓரத்தில் எழுத்தெல்லாம் நசுங்கிவிட்டதே தம்பி” என்றார். நசுக்காமல் அனுப்பினேன். “அட்டையை வெட்டி ஒட்டினாற்போல இருக்கிறதே தம்பி” என்றார். இரண்டுக்கும் நடுவே ஒன்றைச் செய்து அனுப்பியபோது, முதலில் அனுப்பியதே தேவலை என்று பதில் வந்தது; ஆனால் அதில் எழுத்து நசுங்காமல் இருக்க வேண்டுமாம்.

இந்த அலட்சியத்துக்குப் பாதிக் காரணம், இரண்டே நிமிடத்தில் வேலை முடியும் என்று காட்டும் காணொளிகள். போட்டோஷாப்பில் படத்தை வளைக்கும் வார்ப் வசதி 2005இலேயே வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அதில் வில்போல வளைக்கும் ஆர்க் என்பதைத் தேர்ந்தெடுத்து மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் ஒரே அளவில் வளைத்துவிட்டு, “பார்த்தீர்களா, எவ்வளவு எளிது” என்று சிரிக்கிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கேமரா சற்று மேலிருந்து பார்த்தால் பாட்டிலின் கழுத்தருகே வளைவு ஆழம் குறைந்தும் அடிப்பக்கத்தில் கூடுதலாகவும் இருக்கும் என்பதை அவர் சொல்லவே மாட்டார். இன்னொருவர் டிஸ்ப்ளேஸ் ஃபில்டரே போதும் என்கிறார். துணி மடிப்பின் மேல் படத்தை நெளியவைக்க உதவுகிற அந்தக் கருவிக்கு முதலில் பாட்டிலின் வளைவுக்கு ஏற்ற சாம்பல்நிறப் படம் ஒன்றை நாமே தயாரித்துக் கொடுக்க வேண்டும் என்பதை ஏனோ விழுங்கிவிடுகிறார்.

சரி, வளைத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கண்ணாடியின் நிழல் லேபிளின் மேலும் விழ வேண்டும். அதற்கு, அடியில் இருப்பதை இருளாக்கும் மல்டிப்ளை முறையில் ஒரு லேயர், அதாவது படத்தின் மேல் ஓர் அடுக்கு. ஸ்டுடியோ விளக்கின் பளபளப்பு லேபிளின் மேலும் ஓட வேண்டும். அதற்கு இன்னொரு லேயர். படம் பாட்டிலோடு ஒட்டிக்கொள்வதே இந்தப் பளபளப்பால்தான். அனுப்பிய சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது: “பெயர் மேல வெள்ளையாக் கோடு ஒண்ணு விழுந்திருக்கு, அத எடுத்துடுங்க.” விளக்கிச் சொன்னேன், கேட்கவில்லை; எடுத்தேன். எடுத்ததும் லேபிள் மிதந்தது. மிதக்கிறது என்று அவரே நேற்றிரவு புகார் அனுப்பியிருக்கிறார். ஒரு மனிதர் தாம் நீக்கச் சொன்னது எங்கே போயிற்று என்று நம்மையே அதட்டும்போது, எந்த லேயரில் போய் ஒளிந்துகொள்வது?

இன்று காலை புதிய செய்தி. அடுத்து வரும் பூண்டு ஊறுகாய்க்கு “வித்தியாசமாக” உருண்டை ஜாடி வாங்கியிருக்கிறாராம். அதே லேபிளை அதில் “சும்மா மாட்டிவிட” வேண்டுமாம். உருளையையாவது விரித்தால் தட்டைக் காகிதமாகும். உருண்டை அப்படி விரியாது, தட்டையான எதையும் இழுக்காமலோ சுருக்காமலோ அதன்மேல் படிய வைக்க முடியாது என்பது 1827இல் கணித மேதை கௌஸ் நிறுவிய முடிவிலிருந்தே தெரிந்துவிட்ட விஷயம். உலகப் படம் வரைகிறவர்களே நூற்றாண்டுகளாக இதனோடு மல்லுக்கட்டி, கிரீன்லாந்தை ஆப்பிரிக்காவுக்கு நிகராக ஊதவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், “ஸ்டிக்கர் எல்லாம் அச்சடிச்சாச்சு தம்பி, படம் மட்டுந்தான் பாக்கி” என்றார். என் திரையில் எப்படியோ இழுத்துப் பிடித்து அந்த லேபிளை உட்காரவைத்துவிடுவேன். தொழிற்கூடத்தில் நிஜ ஸ்டிக்கரை நிஜ ஜாடியில் சுருக்கமில்லாமல் ஒட்டப்போகிற ஊழியரை நினைத்தபோது, கோபம் போய்ச் சிரிப்புதான் வந்தது.