முதலில் வருவது வறட்சி

மனச்சோர்வுக்காக அமிட்ரிப்டிலின் உட்கொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மாத்திரையின் மீது எனக்குப் புகார் ஏதும் இல்லை. எது முதலில் வரும், எது பின்னால் வரும் என்பதைச் சொல்லாமலே அதை எழுதித் தந்த முறையின் மீதுதான் புகார்.

முதல் இரவிலேயே தூக்கம் ஆளை அமுக்கியது. மறுநாள் காலையில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது, பிறகு மலச்சிக்கல், சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மனம் மட்டும் இருந்த இடத்திலேயே கிடந்தது. தூக்க மாத்திரையைக் கொடுத்து என்னைக் கழித்துக்கட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்து, பத்தாம் நாள் நானாகவே நிறுத்திவிட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் கால் மணி நேரம் ஒதுக்கி விளக்கினார். இந்த மூவளைய மருந்து (வேதியமைப்பில் மூன்று வளையங்கள் கொண்ட வகை), நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருட்களான செரடோனினும் நார்அட்ரினலினும் நரம்பு செல்லுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. அதோடு நில்லாமல் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற வேறு இரு வேதிப்பொருட்கள் வந்து ஒட்டும் ஏற்பிகளையும் அடைத்துவிடுவதால் தூக்கமும் வறட்சியும் உடனே வந்துவிடுகின்றன. மனநிலை தேறுவதற்கோ இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். இந்தச் சில வாக்கியங்களை முதல் நாளே கேட்டிருந்தால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

இவ்வகை மருந்துகளின் கதையே பொறுமையாகக் கவனித்ததால் பிறந்ததுதான். மனச்சிதைவுக்குப் பயன்படுமா என்று சோதிக்கத் தரப்பட்ட இமிப்ரமின் என்ற மூவளைய மருந்து அந்நோயாளிகளுக்கு உதவவில்லை; மனச்சோர்வுற்றோரை அது மீட்பதைக் கண்டு 1957-இல் வெளியிட்டவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ரோலண்ட் கூன். ஃப்ளூஆக்ஸெட்டின் போன்ற புதிய மனச்சோர்வு மருந்துகள் வந்தபின் மூவளைய மருந்துகள் பின்வரிசைக்குப் போனதற்குக் காரணம் அவை பலனளிக்காதது அல்ல. மனச்சோர்வுக்கான 21 மருந்துகளை ஒப்பிட்டு லான்செட் மருத்துவ இதழில் 2018-இல் வெளியான ஆய்வில், பலனில் முன்னணியில் நின்றது அமிட்ரிப்டிலின். பாதியில் கைவிடப்படுவதிலும் அது முன்வரிசையில்தான் இருந்தது. அந்தக் கைவிடல்களில் எத்தனை என்னுடையதைப் போன்றவையோ!

விளக்கம் வேண்டும் என்பதற்கு இன்னும் கனமான காரணம் ஒன்றுண்டு. அளவு மீறினால் இம்மருந்து இதயத் துடிப்பையே குலைத்து உயிரைப் பறிக்கக்கூடும். கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு, இதயக் கோளாறு உண்டா என்று முதலில் என்னை யாரும் கேட்கவில்லை. கைநிறைய மாத்திரைகள்தான் கிடைத்தன. இரண்டாமவர் எல்லாவற்றையும் கேட்டார், இதய மின்வரைவு எடுக்கச் சொன்னார், ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதினார். ஏன் ஒரு வாரம் என்பதையும், மனச்சோர்வில் இருப்பவனிடம் சொல்லத் தயங்கும் அந்தக் காரணத்தையும், என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.