மூடுபனியே இல்லாத சாலையில் மூடுபனி விளக்கு எதற்கு?

நட்சத்திரங்கள் தெரியும் அளவுக்குத் தெளிந்த இரவில், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வண்டியில் ஏறும் சுற்றுலாக்காரர்கள், அடிவாரத்தில் உள்ள கல்லாற்றைத் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவை எட்டுவதற்குள் பம்பரில் இருக்கும் அத்தனை விளக்குகளையும் எரியவிட்டுவிடுகிறார்கள். மலை என்றால் பனி இருக்கும், பனி என்றால் ஃபாக் லைட் போட வேண்டும், ஆகவே மலையேறினாலே போட்டுவிட வேண்டும் என்பது இவர்களுடைய கணக்கு. போட்ட விளக்கை ஊட்டியில் விடுதி வாசலில் வண்டியை நிறுத்தும் வரை அணைப்பதில்லை. சிலர் மறுநாள் காலை வெயிலிலும் அதே விளக்கோடு தொட்டபெட்டாவுக்குப் போகிறார்கள். நீலகிரியில் குடியிருந்து, இரவு நேரத்தில் இந்தச் சாலையில் ஏறி இறங்கியே ஆக வேண்டிய எவருக்கும் நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கண் கூசிக் கூசி நீங்களும் அலுத்துப் போயிருப்பீர்கள்.

சென்ற வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குத் திரும்பும்போது, பர்லியாற்றுக்குச் சற்று மேலே ஒரு புதிய காரின் பின்னால் மாட்டிக்கொண்டேன். அதன் பின்புறத்தில், வலது பக்கம், பம்பரின் கீழ்ப்பகுதியில் ஒற்றைச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதுதான் பின்பக்க மூடுபனி விளக்கு. சாதாரண டெயில் விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசமாக, பிரேக் விளக்குக்கு ஈடாகவோ அதற்கும் மேலாகவோ எரியும்படிதான் அதைச் செய்கிறார்கள். அடர்ந்த பனியில் பின்னால் வருபவர் வந்து மோதிவிடக் கூடாது என்பது ஒன்றே அதன் வேலை. பிரேக் விளக்கோடு குழம்பிவிடாமலிருக்க இரண்டுக்கும் இடையே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும் என்றுகூட வாகன விளக்குகளுக்கான சர்வதேச விதிகள் சொல்கின்றன. ஆனால் பனியே இல்லாத இரவில் அந்தச் சிவப்பு நேராகக் கண்ணில் குத்தும்போது, பக்கத்தில் பிரேக் விளக்கு எரிகிறதா இல்லையா என்பதை எந்த இடைவெளியும் காட்டிக்கொடுப்பதில்லை.

அவரோ வளைவுக்கு வளைவு பிரேக் போடுகிறார். எனக்கு அது தெரிவதே இல்லை. எதிரே ஒரு பேருந்து இறங்கி வருகிறது, அவர் சட்டென்று நிற்கிறார், வண்டி நெருங்கிவிட்டது என்பது தெரிந்த பிறகுதான் அவர் நின்றிருப்பதே எனக்கு உறைக்கிறது. தள்ளி வரலாம் என்று வேகத்தைக் குறைத்தால், அந்த இடைவெளியில் பின்னாலிருந்த டெம்போ புகுந்துகொள்கிறது. அது அடுத்த நேர்ச்சாலையில் அவரை முந்திச் சென்றதும் மறுபடியும் அதே சிவப்பு என் கண்ணில். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினேன். நான் முந்த விரும்புகிறேன் என்று எடுத்துக்கொண்டு, எதிரே வருவது எதுவுமே தெரியாத வளைவில், இடது பக்கம் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். நான் முந்தவில்லை. ஏன் முந்தவில்லை என்று அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வேகமெடுத்தார், அடுத்த வளைவில் மறுபடியும் திடீரென்று நின்றார். கையை வெளியே நீட்டிக் காட்டினேன், ஹாரன் அடித்தேன், ஜன்னலை இறக்கிக் கத்தியும் பார்த்தேன். மரப்பாலம் வந்தது, போனது. விளக்கு மட்டும் அணையவில்லை.

காட்டேரியை நெருங்கும்போது உண்மையான பனி இறங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் எப்படி இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும்: ஒரு வளைவுக்கு முன்னால் எல்லாம் தெரியும், வளைவைத் திரும்பினால் சொந்த வண்டியின் பானெட்டுக்கு அப்பால் எதுவும் இருக்காது. சரி, இப்போதாவது அந்த விளக்குக்கு வேலை வந்தது என்று நினைத்தேன். அந்தக் கணத்தில் அவர் செய்தது என்ன தெரியுமா? ஹை பீம் போட்டார். போதாதென்று நான்கு இண்டிகேட்டர்களையும் ஒன்றாகச் சிமிட்டவிட்டு ஓட்டத் தொடங்கினார். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த சாலையில், ஓடும் வண்டியில் ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டால், அவர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார், ஓரம் கட்டி நிற்கப் போகிறாரா என்பதைச் சொல்வதற்கு அவரிடம் வேறு இண்டிகேட்டர் ஏது?

ஹை பீம் பனியில் என்ன செய்யும் என்பதை, மலையில் வண்டி ஓட்ட வருகிற எவரும் ஓட்டுநர் உரிமம் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். மேல்நோக்கிப் போகும் வலுவான ஒளி அந்தத் துளிகளில் பட்டுச் சிதறி ஓட்டுபவரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கிறது. விளக்கின் வலுவைக் கூட்டக் கூட்ட அந்தச் சுவரும் அடர்த்தியாகிறது. இதற்காகத்தான் முன்பக்க மூடுபனி விளக்கைத் தாழ்வாக, பம்பரில் வைக்கிறார்கள். அதன் ஒளி அகலமாகப் பரவும், மேல் விளிம்பில் கத்தரித்தாற்போல் நின்றுவிடும், தூரம் போகாது. சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள தார், சாலையின் இரண்டு ஓரங்கள், தடுப்புச் சுவரின் அடி, இவற்றைக் காட்டுவதோடு அதன் கடமை முடிகிறது. அதை நம்பி மெதுவாக ஊர்ந்து போகலாமே தவிர, வேகமாகப் போக அது உதவாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. 20 மீட்டர் மட்டுமே தெரிகிற பனியில் அந்த வேகத்தில் போகிறவரை எந்த விளக்காலும் காப்பாற்ற முடியாது.

குன்னூரில் ஒரு தேநீர்க் கடையில் அவரே நிறுத்தினார். நானும் நிறுத்திப் போய்ச் சொன்னேன்.

“தம்பி, பின்னாடி ஃபாக் லைட் கீழ இருந்தே எரியுதுங்க.”

“தெரியும் சார். சேஃப்டிக்குத்தான் போட்டிருக்கேன். பின்னாடி வர்றவங்களுக்கு வண்டி தெரியணும்ல?”

“பனி இருந்தாத்தான் போடணும் தம்பி. இல்லாதப்போ போட்டா பின்னாடி வர்றவனுக்குக் கண்ணே தெரியறதில்லை.”

“அப்போ நீங்க கொஞ்சம் தள்ளி வாங்க சார்.”

தேநீரைக் குடித்து முடித்து, பனி சுத்தமாக விலகியிருந்த சாலையில், அதே சிவப்பு விளக்கோடு ஊட்டி நோக்கிக் கிளம்பிப் போனார். அவருடைய டேஷ்போர்டில் அந்த விளக்கு எரிகிறது என்பதற்கான ஆரஞ்சு நிற அடையாளம் வழி முழுக்க அவர் கண் முன்னால் ஒளிர்ந்துகொண்டே இருந்திருக்கும். முன் விளக்குக்குப் பச்சை, பின் விளக்குக்கு ஆரஞ்சு என்று பிரித்து வைத்திருப்பதே, தேவை தீர்ந்ததும் ஓட்டுபவர் பார்த்து அணைக்க வேண்டும் என்பதற்காகத்தானே?

பாதுகாப்பு என்று அவர் சொன்ன அந்தச் சொல்தான் என்னை இன்னும் எரிய வைக்கிறது. பிரிட்டனில் 100 மீட்டருக்குக் குறைவாகப் பார்வை சுருங்கினால்தான் மூடுபனி விளக்கைப் பயன்படுத்தலாம், பார்வை தெளிந்ததும் அணைத்தே ஆக வேண்டும். ஜெர்மனியில் பின்பக்க விளக்குக்கு வரம்பு 50 மீட்டர். அப்படிப் பார்வை சுருங்கியிருக்கும்போது வேகமும் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் மலையில் தெளிந்த பகலிலேயே பல இடங்களில் 100 மீட்டர் நேர்ச்சாலை கிடையாது என்பது உண்மைதான். அதற்காக அளவே வேண்டாம் என்று விட்டுவிட முடியுமா? அடுத்த வளைவின் தடுப்புச் சுவர் தெரிகிறதென்றால் மூடுபனி விளக்குத் தேவையில்லை. தெரியவில்லையென்றால் போடுங்கள், தெரிந்ததும் அணையுங்கள். தென்மேற்குப் பருவத்தில் கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக ஏறும்போது இந்தப் பொத்தானைத் திரும்பத் திரும்பப் போட்டு அணைக்க வேண்டியிருக்கும். மலையில் வண்டி ஓட்டுவதில் அதுவும் ஒரு பகுதி.

பின்விளக்குக்காரரைவிட மோசமானவர்கள் எதிரே வருகிறவர்கள். கூரையிலும் பம்பரிலும் எல்.இ.டி. பட்டைகளைப் பொருத்திக்கொண்டு இறங்கும் ஜீப்புகளை ஃபாக் லைட் வைத்த வண்டிகள் என்று யாரும் சொல்லாதீர்கள். அவற்றில் மேல் விளிம்பு வெட்டப்பட்ட தாழ்ந்த ஒளி கிடையாது. கிடைத்த திசையிலெல்லாம் அடிக்கும் வெள்ளை வெளிச்சம்தான் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆவது விதி, வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுநரால் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த 1.5 மீட்டர் உயரத்தில் யாருடைய கண் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வேலை முடிந்து சாலையோரமாக லயன் வீட்டுக்கு நடந்து போகும் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் கண் இருக்கிறது. இருசக்கர வண்டியில் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து வருபவரின் கண் இருக்கிறது. கூசிய கண் மறுபடி இருட்டுக்குப் பழகச் சில நொடிகள் ஆகும், வயதானவர்களுக்கு அதைவிட அதிக நேரம் ஆகும். அந்தச் சில நொடிகளில் சாலையின் நடுவே ஒரு காட்டெருமை நின்றால், அந்தக் கரிய உடம்பைக் கண்டுகொள்ள எந்தக் கண்ணால் முடியும்?

விளக்குக் கடைக்காரர்களோ, மஞ்சள் விளக்கு பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்று சொல்லி விற்கிறார்கள். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. மஞ்சளோ வெள்ளையோ, ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சிதறும். விளக்கு பொருத்தப்பட்ட உயரமும் ஒளி விழும் கோணமும்தான் முக்கியம். அவற்றைச் சரிபார்க்காமல், திருகாணியை முடுக்கி, மின்கம்பியை இணைத்து, பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். வண்டியைச் சட்டவிரோதமாக மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்று 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திருத்தம் சொல்வதை அந்தக் கடைகளின் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

மலைக்கு ஏறும் வண்டிகளைக் கீழே நிறுத்தத்தான் செய்கிறார்கள். நீலகிரிக்குள் நுழைய வேண்டிய இ-பாஸ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று இருக்கைக்கு அடியிலும் தேடுகிறார்கள்; இரண்டும் தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டியின் முன்னால் நின்று பாஸைப் பார்க்கிறவரின் முகத்திலேயே அந்த எல்.இ.டி. வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கிறதே! அணைத்துவிட்டுப் போங்கள் என்று ஒரு சொல் சொன்னால் எத்தனை பேருக்குக் கண் பிழைக்கும்?

விளக்கை ஒழுங்காகப் போட்டு, ஒழுங்காக அணைத்து, பனியில் ஊர்ந்து வருகிற எங்களைப் போன்றவர்களுக்கும் இந்தச் சாலையில் ஒரு நியாயம் கிடைப்பதில்லை. தாழ்ந்து விழும் அந்த ஒளி காட்டித் தர வேண்டியது சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைத்தான். அந்தக் கோடு பல வளைவுகளில் தேய்ந்துபோய்விட்டது. சில இடங்களில் குழியை மூடிய தார் அதன்மேலேயே கிடக்கிறது. பாதையின் விளிம்பு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துத்தான் வண்டியை நகர்த்த வேண்டியிருக்கிறது. சாலையைப் பராமரிப்பவர்கள் அடுத்த மழைக்காலத்துக்கு முன்பாவது காட்டேரிக்கு மேலே உள்ள வளைவுகளுக்கு மட்டுமாவது பெயின்ட் அடித்துக் கொடுங்கள்.