ஜெஸ்ஸி பிரவுன் நீட்டாத கை

போன வாரம் அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். "சித்தப்பா, பாருங்க, கண்டிப்பா அழுதுடுவீங்க" என்று கீழே ஒரு வரி. 1950 டிசம்பர் 4, வட கொரியா. பனி மூடிய மலையில் ஜெஸ்ஸி பிரவுன் என்ற அமெரிக்கக் கறுப்பின விமானியின் விமானம் விழுகிறது. அவரைக் காப்பாற்ற வெள்ளைக்கார நண்பர் தாமஸ் ஹட்னர் தன் விமானத்தையும் வேண்டுமென்றே அதே பனியில் இறக்குகிறார். பின்னணியில் வயலின். முழுசாக மூன்று நிமிஷம்கூட இல்லை.

அவன் சொன்னபடியே அழுதேன். ராத்திரி படுத்த பிறகு இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதுதான் மனசு உறுத்தியது. அந்த வீடியோவில் ஜெஸ்ஸி பிரவுன் சாவதைத் தவிர வேறு எதுவுமே செய்யவில்லை. அவர் யார், எங்கிருந்து வந்தார், அந்த விமானத்தில் ஏறி உட்கார என்ன பாடுபட்டார் என்று ஒரு வார்த்தை கிடையாது. இந்தக் கதையை எங்கே பார்த்தாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். அவருடைய 24 வருஷ வாழ்க்கையிலிருந்து கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் கிள்ளி எடுத்து, அதையும் இன்னொருவருடைய வீரக்கதையாக ஆக்கிவிடுகிறார்கள்.

தாமஸ் ஹட்னரை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் செய்ததை நூறில் ஒருவர்கூடச் செய்ய மாட்டார். ஆனால் ஜெஸ்ஸிக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஜெஸ்ஸி 1926-ல் மிசிசிப்பி மாநிலம் ஹாட்டிஸ்பர்க்கில் பிறந்தார். குடும்பம் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, பயிர் செய்த குடும்பம். பருத்திக்காட்டிலும் சோளக்காட்டிலும் பிள்ளைகளும் சேர்ந்து பாடுபட்டால்தான் சாப்பாடு. ஆறு வயதில் அப்பா ஒரு விமான சாகசக் காட்சிக்குக் கூட்டிப்போனார். அன்றைக்குப் பிடித்த பித்து கடைசி வரை தெளியவே இல்லை.

கறுப்பின மக்களுக்காக வந்த 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகையை வீடு வீடாகப் போட்டுக்கொண்டிருந்த பையன், போடும் முன் படித்தும் விடுவான். தன் நிறத்திலும் விமானிகள் இருக்கிறார்கள் என்பது அவனுக்கு அதிலிருந்துதான் தெரிந்தது. யூஜின் புல்லார்ட் முதல் உலகப்போரில் பறந்தார், ஆனால் பிரான்ஸுக்காக. அமெரிக்கா அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெஸ்ஸி கோல்மனை அமெரிக்காவில் எந்தப் பள்ளியும் எடுக்காததால் அவர் பிரெஞ்சு படித்து, பிரான்ஸுக்குப் போய் 1921-ல் உரிமம் வாங்கினார். 1937-ல் ஜெஸ்ஸி நேராக ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினான்: ராணுவ விமானப் படையில் கறுப்பினத்தவரை ஏன் விமானிகளாகச் சேர்ப்பதில்லை? பத்துப் பதினோரு வயசு. வெள்ளை மாளிகையிலிருந்து மரியாதையாக ஒரு பதிலும் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கு மலைப் பனியை விட இந்தக் கடிதம்தான் பெரிசாகப் படுகிறது. அந்தக் காலத்து மிசிசிப்பியில், வெள்ளைக்காரர் எதிரே வந்தால் நடைபாதையை விட்டு இறங்க வேண்டிய ஊரில், ஒரு வாரக் குடியானவர் வீட்டுப் பையன் நாட்டின் தலைவரைப் பார்த்து ஏன் என்று கேட்கிறான்.

பள்ளியில் இரண்டாவது மாணவனாகத் தேறி, 1944-ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் படித்த இடம் என்பதும் ஒரு காரணம். மதியம் மூன்றரையிலிருந்து நள்ளிரவு வரை ரயில்வேயில் சரக்குப் பெட்டிகளில் மூட்டை ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு உட்கார்ந்து கட்டடக்கலைப் பாடம் படிப்பார். கடற்படையின் மாணவர் பயிற்சித் திட்டத்தில் அப்போது நாடு முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அதில் கறுப்பினத்தவர் ஜெஸ்ஸியையும் சேர்த்து 14 பேர். அந்தக் கடற்படையில் கறுப்பினத்தவர் என்றால் பெரும்பாலும் சமையல்கட்டு, அதிகாரிகளுக்குப் பரிமாறும் வேலை. விமானி ஆவதெல்லாம் நினைத்துப் பார்க்காதே என்று அவரிடம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். எழுத்துத் தேர்வு, நேர்காணல், உடல் தகுதி, அத்தனையிலும் தேறிவிட்டு வந்து நின்றார்.

படைகளில் நிறபேதம் கூடாது என்று ஜனாதிபதி ட்ரூமன் ஆணையிட்டது 1948 ஜூலை 26. ஜெஸ்ஸி பயிற்சிக்குப் போனது 1947. அதாவது காப்பாற்ற எந்த ஆணையும் இல்லாத நாளில் உள்ளே போனவர். பயிற்சி காலத்தில் கல்யாணம் செய்யக் கூடாது, தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவரோ பயிற்சி நடந்த பென்சகோலாவில் டெய்சியை ரகசியமாகக் கட்டிக்கொண்டார்! உள்ளே ஒரு தப்புக்கும் இடம் கொடுக்காமல் நடந்த மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாவற்றையும் பணயம் வைத்தார். 1948 அக்டோபர் 21-ல் அவர் நெஞ்சில் விமானிச் சின்னம் குத்தப்பட்டது. கடற்படையின் பயிற்சியை முழுதாக முடித்து அந்தச் சின்னம் பெற்ற முதல் கறுப்பினத்தவர்.

அவர் ஓட்டிய கோர்சேர் போர்விமானம் சாதாரண வண்டி இல்லை. மூக்கு அவ்வளவு நீளம், விமானியின் இருக்கை அவ்வளவு பின்னால். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்க வரும்போது, எந்தத் தளத்தில் இறங்க வேண்டுமோ அதையே மூக்கு மறைத்துவிடும். கீழே கப்பல் வேறு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். தளத்தில் நிற்பவர் கையில் பிடித்துக் காட்டும் மட்டைகளை நம்பித்தான் இறங்க வேண்டும். எல்லோரும் இவர் எப்போது தவறுவார் என்று பார்த்துக்கொண்டிருக்க, ஜெஸ்ஸி அப்படி மறுபடி மறுபடி இறங்கினார்.

1949 கடைசியில் ஹட்னர் அதே பிரிவுக்கு வருகிறார். உடை மாற்றும் அறையில் முதல் சந்திப்பு. ஜெஸ்ஸி தலையசைத்து வணக்கம் சொன்னார், கையை நீட்டவில்லை. நீட்டினால் வந்தவர் மற்றவர்கள் முன்னால் சங்கடப்படுவாரோ என்று நினைத்திருக்கிறார். ஹட்னர்தான் நடந்து போய்க் கைகொடுத்தார். இதைப் பிற்காலத்தில் ஹட்னரே சொல்லியிருக்கிறார். ஹட்னரின் பெருந்தன்மைக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். எனக்குத் தெரிவது அந்த நீட்டாத கை. எத்தனை தடவை நீட்டி, எத்தனை பேர் தொடாமல் போயிருந்தால் ஒரு மனிதருக்கு அந்தக் கணக்கு பழகியிருக்கும்?

பிறகு கொரியப் போர். சோசின் நீர்த்தேக்கத்தின் அருகே தங்களைவிடப் பல மடங்கு பெரிய சீனப் படையிடம் அமெரிக்க மரைன்கள் சிக்கியிருந்தார்கள். அவர்களுக்கு உதவ 'லெய்ட்டே' கப்பலிலிருந்து ஆறு விமானங்கள் போயின. தரையிலிருந்து வந்த குண்டு ஜெஸ்ஸியின் எரிபொருள் குழாயில் பட்டது. மலைச்சரிவில் இறக்கினார். விமானம் மடங்கி காலைப் பிடித்துக்கொண்டது, முன்னால் புகை. ஹட்னர் தன் விமானத்தை வயிற்றால் இறக்கி ஓடி வந்தார். ஜெஸ்ஸி தலைக்கவசத்தையும் கையுறையையும் கழற்றியிருந்தார். விரல்கள் விறைத்துப் போயிருந்தன. ஹட்னர் தான் வைத்திருந்த கம்பளித் தொப்பியை அவர் தலையில் மாட்டி, கைகளைத் துணியால் சுற்றினார். பனியை அள்ளி அள்ளி எஞ்சின் மேல் போட்டார். ஹெலிகாப்டரில் வந்த சார்லஸ் வார்டும் அவரும் கோடரியால் எவ்வளவோ வெட்டியும் தகடு அசையவில்லை. டெய்சியிடம் தன் அன்பைச் சொல்லச் சொன்னார் ஜெஸ்ஸி. இருட்டிவிட்டால் ஹெலிகாப்டர் கிளம்ப முடியாது. நினைவில்லாமல் கிடந்தவரை விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். உடலைப் போய் எடுக்க வழியில்லாததால், சில நாள் கழித்து அவருடைய தோழர்களே பிரார்த்தனை சொல்லியபடி அந்த இடத்தில் எல்லாவற்றையும் எரித்துவிடும் நேபாம் குண்டு போட்டார்கள். ஊரில் அவர் மகளுக்கு அந்த மாதம்தான் இரண்டு வயசு.

1951 ஏப்ரலில் வெள்ளை மாளிகையில் ஹட்னருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் கொடுத்தார்கள். டெய்சி பக்கத்தில் நின்றார். வீடியோ அந்தப் புகைப்படத்தோடு முடிகிறது. பார்ப்பவருக்கும் மனசு ஆறிவிடுகிறது, நட்பு நிறவெறியை ஜெயித்துவிட்டது என்று.

ஜெயிக்கவில்லை. 1966 ஜனவரியில், அதே ஹாட்டிஸ்பர்க் பக்கத்தில், வெர்னன் டாமர் என்ற கறுப்பினத்தவரின் வீட்டுக்கு கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறிக் கும்பலின் ஆட்கள் நடுராத்திரியில் தீ வைத்தார்கள். ஓட்டுப் போடக் கட்ட வேண்டிய வரியைக் கறுப்பின மக்கள் தன் கடையிலேயே கட்டலாம் என்று அவர் சொன்னதுதான் குற்றம். தீக்காயத்தில் இறந்துபோனார். அவருடைய மகன்களில் நான்கு பேர் அப்போது அமெரிக்க ராணுவச் சீருடையில் இருந்தார்கள். ஜெஸ்ஸி செத்துப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு, ஜெஸ்ஸியின் ஊர்ப்பக்கத்தில்.

1973-ல் ஜெஸ்ஸியின் பெயர் தாங்கிய ஒரு போர்க்கப்பல் பணிக்கு வந்தது. அந்தக் கப்பலும் 1994-ல் ஓய்வு பெற்று, எகிப்துக்குப் போய் வேறு பெயர் வாங்கிக்கொண்டது.

அண்ணன் மகனுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். நீளமாகக் கேட்டுவிட்டு, "உடம்பு கிடைச்சுதா சித்தப்பா?" என்றான். 2013-ல் 88 வயது ஹட்னர் அதைத் தேடத்தான் வட கொரியா போனார்; மழை வெள்ளத்தில் அந்த மலைக்குப் போக வழியில்லாமல் திரும்பினார், 2017-ல் இறந்தும் போனார். 2018-ல் வட கொரியா 55 பெட்டிகளில் எலும்புகளைத் திருப்பிக் கொடுத்தது. பலரை அடையாளம் கண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜெஸ்ஸி அவர்களில் இல்லை. இன்னும் அந்தச் சரிவில்தான் கிடக்கிறார்.