அந்தக் கடிதத்தில் பிழை எங்கே இருக்கிறது?

மலசலகூடக் கதவுகள் பூட்டுவதில்லை என்று தரம் 5 பிள்ளைகள் தங்கள் அதிபருக்கு எழுதிய அந்தக் கடிதத்தைப் பற்றி நான்கு நாட்களாக எல்லோரும் எழுதிவிட்டீர்கள். படம் எல்லோர் பக்கத்திலும் வந்துவிட்டது. நான் மறுபடியும் இடப்போவதில்லை. பாடசாலையின் பெயரையும் சொல்லப்போவதில்லை, கையெழுத்திட்டவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள். நானும் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேற்றிரவு, நான் பல வருடங்களாக மதிக்கும் ஒருவர், "தமிழை ஒழுங்காக எழுதத் தெரியாததுகளுக்கு உரிமை ஒரு கேடா" என்று எழுதியிருந்ததையும், அதன் கீழே வரிசையாக விழுந்திருந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

ஆம், பிழை இருக்கிறது. 'மலசலகூடம்' என்ற சொல்லில் ஒரு 'ல' 'ள' ஆகியிருக்கிறது. அந்தப் பிள்ளை அதை இரண்டு மூன்று தடவை அழித்து எழுதியிருக்கிறது. அழிறப்பர் தேய்த்துத் தாள் மெலிந்துபோன இடம் படத்திலேயே தெரிகிறது. அந்தச் சொல்லுக்கு அடுத்த வரியை எத்தனை பேர் வாசித்தீர்கள்? பெண்பிள்ளைகளுக்கான 4 மலசலகூடங்களில் 2 இல் மாத்திரமே கதவு பூட்டுகிறது என்றும், அதனால் தங்கள் வகுப்பில் 11 பேர் இடைவேளை வரை தண்ணீர் குடிப்பதில்லை என்றும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடத்தில் நீரைப் பற்றிப் படிப்பித்த ஆசிரியை, உடலுக்குத் தண்ணீர் அவசியம் என்று கரும்பலகையில் எழுதியதோடு நிறுத்திக்கொள்ளாமல், நீங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பதில்தான் கடிதமாகியிருக்கிறது. அதற்காகத்தான் இன்று அவரிடம் எழுத்தில் விளக்கம் கோரப்பட்டிருக்கிறது.

பிள்ளையின் செயலையும் கேள்வியையும் நடுவில் வைத்துப் படிப்பிக்கும் பிள்ளை மையக் கல்வி நம் நாட்டுக்குப் புதிதாக வந்து இறங்கிய சரக்கு அல்ல. 1999 இல் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நாடு முழுவதும் வந்தபோதே, தரம் 1 இல் விளையாட்டும் செயற்பாடும் எழுத்து வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். வகுப்பறைச் சுவரில் படம் ஒட்டும்வரை, மணிகளைக் கோத்து எண்ணும்வரை யாருக்கும் கோபம் வரவில்லை. எண்ணப் பழகிய பிள்ளைகள் பூட்டாத கதவுகளை எண்ணியபோதுதான் கோபம் வந்தது. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்: ஒரு பிள்ளையின் பேச்சுக்கு வகுப்பில் காது கொடுத்தால், அந்தப் பழக்கம் பாடசாலை மதிலோடு நின்றுவிடாது. வீட்டுக்கு வரும், வீதிக்கு வரும், நம்முடைய ஒழுங்குகளைத் தொட்டுப் பார்க்கும். இப்போது கோபப்படுகிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

நம் சமூகத்துக்கு இது முன்பே தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைத் தரையிலும் வகுப்புக்கு வெளியிலும் இருத்திப் படிப்பித்த காலத்தில், அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லோருக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. 1930 ஐ ஒட்டிய அந்த நாட்களில் பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஒரு பிள்ளை வாங்கில் உட்காருவதற்காக ஒரு கட்டடத்தையே கொளுத்தினார்கள் என்றால், வாங்கில் உட்கார்ந்த பிள்ளை நாளை கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் எங்கே நிற்கும் என்பதை அவர்கள் சரியாகக் கணக்குப் போட்டிருந்தார்கள் என்றுதான் அர்த்தம். கொளுத்தியவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்ற இளைஞர் இயக்கத்தில் முன்னுக்கு நின்றவர் ஹண்டி பேரின்பநாயகம் என்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். சாதிக்கு எதிரான சண்டையில் ஆசிரியர்கள் முன்னே நின்றதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும். என் மகள் தரம் 2 இல் படித்த வருடம் அவளுக்கு வாய்த்த ஆசிரியை, ஒவ்வொரு காலையும் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, நேற்று நீங்கள் பார்த்த ஒரு விடயத்தைச் சொல்லுங்கள் என்று கேட்பவர். அந்த நாட்களில் கொழும்பு, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு வேலைக்கு மலையகத்திலிருந்து ஓர் அக்கா வந்து தங்கியிருந்தார். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது மகள், "அம்மா, அக்காவின் பீங்கான் மட்டும் ஏன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது? எங்களுடைய பீங்கான்கள் அலுமாரியில்தானே இருக்கின்றன?" என்று கேட்டாள். அது ஓரத்தில் எனாமல் பெயர்ந்து, கறுப்புத் தெரியும் தகரப் பீங்கான். என் மாமியார் காலத்திலிருந்தே அது அங்கேதான் இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன், ஆனால் ஒரு நாளும் பார்க்கவில்லை. மாமியார் அவளை அதட்டினார். நான் பதில் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மகள் விடவில்லை, அடுத்த நாள் காலையில் அதைப் பாடசாலை வட்டத்தில் சொல்லப்போவதாகச் சொன்னாள். அன்றிரவே அந்தப் பீங்கானை எடுத்து எறிந்தேன். மேடைகளில் சம போசனம், அதாவது எல்லாச் சாதியினரும் ஒன்றாக இருந்து உண்பது, பற்றிக் கேட்டு நான் கைதட்டியிருக்கிறேன். என் குசினிக்குள் அதைக் கொண்டுவர ஏழு வயதுப் பிள்ளை ஒன்று தேவைப்பட்டது.

"இதெல்லாம் சரி, ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதே" என்பவர்களுக்கு வருகிறேன். நானும் ஒரு தாய்தான். வெட்டுப்புள்ளி வெளியாகும் நாளில் இந்த நகரத்து வீடுகளில் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியும். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் அந்தப் பரீட்சை வந்ததே, கிராமத்து ஏழைப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்கு அனுப்பி இந்த நாட்டின் அடுக்குகளை அசைப்பதற்காகத்தான். அதை 200 புள்ளிக்கான ஓட்டமாகச் சுருக்கிக்கொண்டு, பூட்டாத கதவைப் பற்றி எழுத எடுத்த ஒரு பாடவேளையை நஷ்டக் கணக்கில் எழுதுகிறோம். அதே பிள்ளைகளைத் தலைமைத்துவமும் பேச்சுத்திறனும் வளர்க்க வேண்டும் என்று சனிக்கிழமைகளில் காசு கட்டி வகுப்புக்கு அனுப்புகிறோம். அந்த ஆசிரியை காசு வாங்காமல் அதைச் செய்தபோது அரசியல் என்கிறோம்.

"ஒரு வகுப்பில் நாற்பது, நாற்பத்தைந்து பேரை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரால் முடியும்" என்று ஓர் ஆசிரியர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அவருடைய களைப்பை நான் மறுக்கவில்லை, அந்த நெரிசலுக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பிள்ளை மையக் கல்வி வசதியானவர்களின் கல்வி என்று சொல்வதை ஏற்க மாட்டேன். மரியா மொண்டிசோரி 1907 இல் ரோமில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் திறந்தது சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில். அவர் 1944 இல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நாம் அவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று வயதுப் பிள்ளையைக் கதிரையில் அசையாமல் இருத்தும் இடத்துக்கெல்லாம் மொண்டிசோரி என்று பலகை மாட்டினோம். தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் முதலில் வேர்விட்டதும் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான். கூலித் தொழிலாளரின் பிள்ளைகள் படித்த அந்த வகுப்புகளில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வைத்தார்கள், ஆசிரியரும் பாயில் உட்கார்ந்தார்.

"பயம் இல்லாத பிள்ளை கெட்டுப்போகும்" என்பவர்களோடு எனக்குப் பொறுமை இல்லை. உடல்ரீதியான தண்டனையைத் தடுக்கும் சுற்றுநிருபம் 2005 இலேயே வந்தது. பிரம்பின் இடத்தில் இப்போது கேலி வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குப் பயம் கொடுத்துத்தான் வளர்த்தார்கள். தரம் 4 இல், ஆசிரியர் போட்ட கணக்கில் ஏதோ பிழை இருப்பதாகச் சொன்னதற்கு, அடிமட்டத்தின் விளிம்பால் விரல் மொளியில் அடி வாங்கினேன். கணக்கு உண்மையிலேயே பிழையாகத்தான் இருந்தது. மறுநாள் அவர் சத்தமில்லாமல் திருத்தினார். அதற்குப் பிறகு பாடசாலை முடியும்வரை நான் கை உயர்த்தவே இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு என் அம்மா கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் கிடந்தபோது, காலையில் கொடுத்த அதே மாத்திரையை மத்தியானமும் கொடுக்கிறார்களே என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. நாக்கு எழவில்லை. விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. பக்கத்துக் கட்டிலில் தாயைப் பார்க்க வந்த ஒரு பெண்பிள்ளைதான் எனக்காகத் தாதியிடம் கேட்டது. பதினாறு வயதுதான் இருக்கும்.

இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12 ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தாங்கள் போகும் மலசலகூடத்தின் கதவைவிட அந்தப் பிள்ளைகளைப் பாதிக்கும் விடயம் வேறு எது என்று சிரித்தவர்கள் எனக்குச் சொல்லட்டும். எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டிய ஐயா, உங்கள் பேத்தியும் தரம் 5 இல்தான் படிக்கிறாள் என்று நினைக்கிறேன். அவள் காலையில் கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தல் மத்தியானம் எவ்வளவு நிரம்பித் திரும்பி வருகிறது என்று இன்றைக்கு மட்டும் பாருங்கள்.

திங்கட்கிழமை காலை 7 மணிக்கு நாங்கள் சில தாய்மார் அதிபரைச் சந்திக்கப் போகிறோம். ஆசிரியைக்கு ஆதரவாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். கையெழுத்திட விரும்புகிறவர்கள் உட்பெட்டியில் சொல்லுங்கள். நேற்று வரைக்கும் அந்த இரண்டு கதவுகளுக்கும் தாழ்ப்பாள் போடவில்லை.