சாடிக்கு அடியில் சல்லிக்கல் வேண்டாம்

"சாடியின் அடியில் மூன்று அங்குலம் சல்லி போட்டால் மாரியில் கத்தரி அழுகாது" என்று ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். அப்படிச் செய்யாதீர்கள், நடப்பது தலைகீழ்.

நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லிடுக்குக்குத் தண்ணீர் இலகுவில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டும். ஆக, சேறாக நிற்கும் அந்தப் படை சல்லிக்கு மேலே, வேருக்குக் கிட்ட வந்துவிடும். நனைந்த ஸ்பொஞ்சைப் படுக்கையாகப் பிடித்து, சொட்டு நின்றதும் நிமிர்த்திப் பாருங்கள்: மறுபடி சொட்டும். மண்ணின் உயரம்தான் நீரை வடிக்கிறது. சாடியாக வைக்கும் 12 அங்குல வாளியில் 3 அங்குலத்தைக் கல்லுக்குக் கொடுப்பது வீண்.

வாளியின் அடியில் 10 மி.மீ. ஓட்டை ஆறு போடுங்கள். ஓட்டைகளின் மேல் நுளம்பு வலைத் துண்டு ஒன்று போதும். வாளியை இரண்டு செங்கல்லில் தூக்கி வையுங்கள். சீமெந்துத் தரையில் ஒட்டி இருந்தால் ஓட்டை இருந்தும் பயனில்லை. மண் கலவைக்கு மட்டக்களப்பு மணல்மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, கழுவிய தும்புச்சோறு (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பாருங்கள்.